ஆற்காடு வழி பஸ்ஸில் ஒரு கேள்வி

முத்துக்கடையில் ஏறியவள்
பையை வைத்து, பிள்ளையை வைத்து, மூச்சு வாங்கிக் கேட்டாள்:
"உங்களுக்கு எத்தன பசங்க சிஸ்டர்?"

வேலூர்ப் பக்கம் சிஸ்டர் என்றால் நர்ஸ்.
சந்தன நிறப் புடவை, மடியில் பிரஷர் பார்க்கும் கருவி,
சிலுவை முந்தானைக்குள் கிடந்தது.
அவள் மேல் தப்பில்லை.

"உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் என் பிள்ளைகள்"
என்பது நவதுறவகத்தில் பழக்கிய பதில்.
வெள்ளிவிழா மேடைவரைக்கும் உதவியது.
பஸ்ஸில் வாய்க்கு வரவில்லை.
"இல்லம்மா" என்றேன்.

உச்சுக் கொட்டினாள்.
தர்காவில் ஓதிக் கட்டும் கயிறு ஒன்று சொன்னாள்,
சேத்துப்பட்டு மாதாவுக்குத் தொட்டில் கட்டச் சொன்னாள்.
அந்த மாதாவிடம்தான்
வேறொன்று கேட்டு வந்தவள் நான் என்று எப்படிச் சொல்ல.

கற்பு என்றால் தமிழில்
உடனே ஒரு கணவன் வந்து உட்கார்ந்துவிடுகிறான்,
பின்னாலேயே ஒரு நெருப்பும்.
அந்தச் சொல்லுக்குக் கீழே
இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போட்டேன்.
மை காயுமுன் தாளை மடித்ததில்
எதிர்ப்பக்கத்திலும் என் பெயர் விழுந்தது, இடவலம் மாறி.

அதைப் படிக்க முப்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.
எக்ஸ்ரே எடுக்க வந்த சகாயநாதன்
சிரிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
அவ்வளவுதான்.
அதற்கே எட்டு மாதம்
சாயங்காலம் ஐந்தரைக்கு என் காது வாசலில் போய் நின்றது.
மதருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை,
மருந்துக் கணக்கு நோட்டை என்னிடம் தள்ளினார்.
சகாயநாதன் ஓசூருக்கு வேலை மாறிப் போனார்.
நான் ஜெபித்ததனால் அல்ல.
அங்கே சம்பளம் கூட.

வருடாந்திரத் தியானத்தில் ஒரு ஃபாதர் சொன்னார்:
துறவியின் மனம் பாலாறு,
மேலே மணல், அடியில் ஊற்று.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.
ராணிப்பேட்டைக்காரி நான் சிரிப்பை விழுங்கினேன்.
எங்கள் ஊற்றில் குரோமியம், ஃபாதர்.
ஊற்று இருந்தால் போதாது,
மாதாமாதம் பாட்டிலில் பிடித்து
சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பேப்பரில் ஏதாவது மடத்துச் செய்தி வந்த காலையில்
மீன்காரரின் கண் என் முகத்தில்
ஒரு வினாடி அதிகம் நிற்கும்.
நிற்கட்டும்.
பூட்டிய வீட்டின் சாவி யார் கையில் என்று
தெருவில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவுக்கும் நடுவில் வரதன்.
தோல் ஷெட்டில், சுண்ணாம்புத் தொட்டியில்
பதினேழு வருஷம் நின்ற கால்கள்.
தொடைவரை புண்.
"வீட்ல தொட்டு ரெண்டு வருஷம் ஆவுது"
என்றார் சுவரிடம்.
உப்புநீர், பஞ்சு, களிம்பு.
ஆண் உடம்பு.
தெரியாததுபோல் நான் நடிக்கவில்லை.
என் கை தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று
அவருக்குப் புரிந்த நொடியில்
இறுகிய தொடை தளர்ந்தது. அழுதார்.

நான் கண்டது இதுதான்: கேட்காத கை.
அதுவும் எல்லா நாளும் இல்லை.
மின்விசிறி நின்ற சில ராத்திரி
அதே கை தலையணைக்கடியில் ஃபோனைத் துழாவும்,
கூப்பிட ஒரு பெயரும் இல்லாமல்.
பிறகு செபமாலை தட்டுப்படும்.
சில ராத்திரி அதுவும் தட்டுப்படாது.

மேல்விஷாரம் தாண்டும்போது அவள் தூங்கிவிட்டாள்.
பிள்ளை எப்போது என் தோளுக்கு வந்தது,
அவள் கொடுத்தாளா, நான் வாங்கினேனா, நினைவில்லை.
ரத்தினகிரி மலை ஜன்னலில் வந்து போனது.
கனமாகத்தான் இருந்தது. வலித்தது.
தோள் அல்ல.

வேலூரில் கண்டக்டர் கத்தலுக்கு விழித்து
பதறிக் கை நீட்டினாள்.
தூக்கம் கலையாமல் கொடுத்தேன்.
"கைராசி சிஸ்டர் உங்களுக்கு, நிச்சயம் பொறக்கும்"
என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

புடவைத் தோளில் எச்சில் ஈரம்,
உள்ளங்கை அகலம்.
துடைக்கவில்லை.
ஆஸ்பத்திரி வாசலுக்குள் போவதற்குள்
வேலூர் வெயில் அதைக் காயவைத்தது.
அதற்கும் விட்டேன்.